தாமரைக் குளமும் நடுகல்லும்

துன்பம் நிறைந்த உலகில் அழகை மட்டும் வரைந்துகொண்டிருப்பது அறமாகுமா என்பது கலை பற்றிய பழைய கேள்விகளில் ஒன்று. அதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பிறர் பட்ட துன்பத்தை எடுத்துப் படமாக்கி, சட்டம் போட்டு, விளக்கொளியில் மாட்டி, விலைக்கு விற்பது மட்டும் அறமாகுமா? 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் டெல்லியில் வாழ்ந்த ஓவியர்களை இந்தக் கேள்வி ஏட்டளவில் விட்டுவைக்கவில்லை. 1984இல் அது அவர்கள் தெருவுக்கே வந்தது. 1989இலும் 1992இலும் மறுபடி வந்தது. ஓவியர்களான ஏ. ராமச்சந்திரன், சமேலி ராமச்சந்திரன் தம்பதியரும், ஓவியர் விவான் சுந்தரம், விமர்சகர் கீதா கபூர் தம்பதியரும் அதற்கு ஏறக்குறைய எதிரெதிரான விடைகளை வாழ்ந்து காட்டினார்கள்.

கேள்வியைத் தம்பதியர் வழியாக அணுகுவதற்குக் காரணம் உண்டு. தனியாக இருக்கும் கலைஞரின் முடிவு அவர் மனத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். இருவரும் கலைஞர்களாக இருக்கும் வீட்டில் எதை வரைவது, எதை விடுவது என்பதோடு, யார் எப்போது வரைவது, குழந்தைக்கு யார் சோறூட்டுவது என்பதும் சேர்ந்தே தீர்மானமாகிறது. கலையைத் தவம் என்று பேசுபவர்கள் பெரும்பாலும் துறவியை மனத்தில் வைத்துத்தான் பேசுகிறார்கள். வள்ளுவர் அறத்துப்பாலில் இல்லறவியலை முன்வைத்துத் துறவறவியலைப் பின்வைத்தார். அந்த வரிசையை ஏற்பவர்கள், ஓவியக்கூடத்தில் நடந்ததைக் கேட்கும்போதே அடுப்பங்கரையில் நடந்ததையும் கேட்டாக வேண்டும்.

இந்திய அழகியல் இந்தக் கேள்வியில் துன்பத்தின் பக்கம் தாராளமாகவே இருந்திருக்கிறது. பரதரின் நாட்டிய சாஸ்திரம் சொல்லும் எட்டு ரசங்களில் கருணை, அச்சம், அருவருப்பு மூன்றும் உண்டு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலும் அழுகை, இளிவரல், அச்சம் ஆகியவற்றை நகையோடும் உவகையோடும் ஒரே வரிசையில் வைக்கிறது. துயரம் எப்படிச் சுவையாகும் என்ற சிக்கலுக்குக் காஷ்மீரத்து அபிநவகுப்தர் சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன் ஒரு விளக்கம் தந்தார். மேடையில் வெளிப்படும் சோகம் நடிகருடையதும் அல்ல, பார்ப்பவருடையதும் அல்ல. எனது, உனது என்ற பற்று நீங்கி அது எல்லோருக்கும் பொதுவாகிறது. அப்படிப் பொதுவானதால்தான் அதைச் சுவைக்க முடிகிறது. எட்டோடு சாந்தத்தை ஒன்பதாவதாகச் சேர்த்து, மற்றவை எழுவதும் அடங்குவதும் அதிலேயே என்று வலுவாக வாதிட்டவரும் அவரே.

இந்த விளக்கம் ஆழமானது. ஆனால் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அது மனத்தில் கொண்டிருப்பது ராமனையும் சீதையையும், எப்போதோ வாழ்ந்து கதையாகிவிட்டவர்களை. நேற்று மாலை பக்கத்துத் தெருவில் கொல்லப்பட்டவரின் துன்பத்தை அப்படிப் பொதுவாக்கிவிட முடியாது. அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. அழுதுகொண்டிருக்கும் மனைவி இருக்கிறார். வால்மீகியின் சோகமே சுலோகமாயிற்று என்று அழகியலார் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அந்த முதல் சுலோகம் ஒரு பறவையைக் கொன்ற வேடன் மீது விழுந்த சாபம் என்பதை அந்த அளவுக்குச் சொல்வதில்லை. பறவை விழுந்ததும் கவிஞர் முதலில் செய்தது கொன்றவனைக் கண்டித்தது. கவிதை என்று அதற்குப் பெயர் வந்தது பிறகு. ஐரோப்பாவில் யூதப் படுகொலைக்குப் பின் ஜெர்மன் மெய்யியலாளர் அடோர்னோ, ஆஷ்விட்சுக்குப் பிறகு கவிதை எழுதுவதே காட்டுமிராண்டித்தனம் என்ற பொருளில் 1949இல் எழுதினார். 1966இல் அந்தக் கூற்றைத் தானே தளர்த்தி, வதைபடுபவருக்கு அலற உரிமை இருப்பதுபோல் துன்பத்துக்கு வெளிப்பட உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டார். அலறுவது வதைபடுபவரின் உரிமை. பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு அதே உரிமை உண்டா என்பது அப்போதும் தீரவில்லை. டெல்லி ஓவியர்கள் பார்த்தவர்களின் இடத்தில் நின்றார்கள்.

ராமச்சந்திரன் 1935இல் கேரளத்தின் ஆற்றிங்கலில் பிறந்தவர். 1957இல் கேரளப் பல்கலைக்கழகத்தில் மலையாள இலக்கியத்தில் முதுகலை முடித்த பிறகுதான் ஓவியம் கற்கச் சாந்திநிகேதனின் கலாபவனுக்குச் சென்றார். அங்கே ராம்கிங்கர் பெய்ஜும் பினோத்பிகாரி முகர்ஜியும் ஆசிரியர்கள். கேரளச் சுவரோவியங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வும் செய்தார். வங்காளத்தில் அவர் கண்ட இன்னொன்று, பிரிவினையில் வீடிழந்து கல்கத்தாவின் நடைபாதைகளில் குடியிருந்த அகதிகள் கூட்டம். 1965இல் டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் கலைக்கல்வி ஆசிரியராகச் சேர்ந்தபோது அந்தக் காட்சிகளையும் கூடவே கொண்டுவந்தார். அடுத்த சுமார் 15 ஆண்டுகள் அவர் வரைந்தவை தலையில்லாத, முறுக்கேறிய, ஒன்றன்மேல் ஒன்று குவிந்த மனித உடல்கள். மெக்சிகோவின் சுவரோவியர்களைப் போல அவையும் பெரிய அளவில், பொதுவெளியை நோக்கிப் பேசுபவை. யாதவர்களின் முடிவு, 1975இன் அணு ராகினி போன்ற படங்களில் இந்தியப் புராணமும் ராகமாலை மரபும் போரின் கொடுமையைச் சொல்லும் கருவிகளாயின. டெல்லியில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை இந்தப் படங்களே.

1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி கொல்லப்பட்டதைத் தொடர்ந்த நாட்களில் டெல்லியில் சீக்கியர்கள் தெருத் தெருவாகத் தேடிக் கொல்லப்பட்டார்கள். பின்னர் வந்த அரசுக் குழுவின் கணக்குப்படி டெல்லியில் மட்டும் இறந்தவர்கள் 2,733 பேர். அந்த வன்முறையைக் கண்ட பிறகு மனிதத் துன்பத்தைப் படப்பொருளாக எடுக்கத் தனக்கு மனம் வரவில்லை என்று ராமச்சந்திரன் பின்னாளில் சொல்லிவந்தார். அத்தனை ஆண்டுகள் துன்பத்தை வரைந்தவரை அச்சம் மட்டும் நிறுத்தியிருக்காது. எரியும் உடலைப் பார்க்கும்போதும் ஓவியரின் கண் நிறத்தையும் வடிவத்தையும் கணக்கெடுக்கப் பழகியிருக்கும். அந்தப் பழக்கத்தைத் தன்னிடமே கண்டுகொள்கிற ஒருவருக்கு, துன்பத்தை வரைவது துன்பப்படுபவருக்குச் செய்யும் தொண்டு என்ற நம்பிக்கை நீடிப்பது கடினம்.

இந்த மாற்றத்தை ஒரே நாளில் நடந்த மனமாற்றமாகச் சொல்வது வழக்கம். அது முழுச் சரியல்ல. ராஜஸ்தானின் நாடோடிக் கொல்லர்களான காடியா லோஹார் பெண்களின் உருவங்கள் ஏற்கெனவே அவர் கோட்டுக்குள் வரத் தொடங்கியிருந்தன. 1984இல் தொடங்கி 1986இல் முடித்த 'யயாதி' தொடரின் பெண்கள் அவர்களே. 12 பெரிய ஓவியங்களும் 13 வெண்கலச் சிற்பங்களும் சேர்ந்து, பார்ப்பவரைக் கோயில் கருவறைக்குள் நிறுத்துவதுபோல் சூழ்ந்துகொள்ளும் அமைப்பு அது. காலை, நண்பகல், அந்தி என மூன்று பொழுதுகளாகப் பிரிகிறது. தன் முதுமையை மகனிடம் கொடுத்து இளமையை வாங்கிக்கொண்ட மகாபாரத அரசன்தான் யயாதி. துய்த்து ஆசை தணியாது என்று ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் உணர்ந்து, வாங்கிய இளமையைத் திருப்பித் தந்தவன். வன்முறைக்கு முதுகு காட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஓவியர், அழகின் பக்கம் திரும்பியதும் எடுத்த முதல் பெரிய கதை அழகுக்கும் இன்பத்துக்கும் எல்லை உண்டு என்று சொல்வது.

விமர்சகர்களில் ஒரு சாரார் அப்போது கடுமையாக எதிர்த்தார்கள். இது அலங்காரம், பின்னோக்கிய பயணம், நவீனத்துவத்துக்குச் செய்த துரோகம் என்றெல்லாம் எழுதினார்கள். பழங்குடிப் பெண்ணின் அழகைத் தலைநகரத்துச் சுவரில் மாட்டுவதிலும் ஒரு சுரண்டல் இல்லையா என்ற கேள்வி அவற்றுள் நியாயமானது. உதய்ப்பூரைச் சுற்றியுள்ள பீல் கிராமங்களுக்கு ராமச்சந்திரன் ஆண்டுக்கணக்கில் போய்வந்தார், அந்த மக்களின் முகங்களைத் தனித்தனி ஆட்களாகக் கோட்டோவியங்களில் பதிந்தார் என்பது அதற்கு ஓரளவு விடை. முழு விடை என்று சொல்ல முடியாது.

அந்தப் பயணங்களில்தான் ஏக்லிங்ஜி, நாக்தா பகுதிகளின் தாமரைக் குளங்கள் அவருக்குக் கிடைத்தன. வாழ்வின் கடைசி 30 ஆண்டுகள் பெரும்பாலும் அந்தக் குளங்களே அவர் உலகம். இந்திய மரபில் தாமரை எளிதாக ஒரு சின்னமாகிவிடும். சேற்றில் பிறந்தும் ஒட்டாத பூ என்று சொல்லி அடுத்த வேலைக்குப் போய்விடலாம். ராமச்சந்திரனின் குளங்களை அப்படிக் கடக்க முடியாது. அங்கே மலர்ந்த பூவைவிட இலைகள் அதிகம். கிழிந்த இலை, ஓரம் பழுப்பேறிய இலை, வற்றிய தண்டு, மழை விழும் நீர்ப்பரப்பு, தும்பி, வண்டு என அடர்ந்திருக்கின்றன. தன்னையே வௌவாலாகவும் பூச்சியாகவும் ஆமையாகவும் படங்களில் ஓர் ஓரத்தில் வரைந்துகொள்ளும் பழக்கமும் அவருக்கு இருந்தது. படைத்தவன் என்று நடுவில் நிற்காமல், குளத்தில் வாழும் உயிர்களில் ஒன்றாக ஒதுங்கிக்கொள்வதாகவே அதைப் படிக்க வேண்டும். மனிதனை நிலத்திலிருந்து பிரித்துப் பார்க்காத பார்வை தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்ற திணைக் கோட்பாட்டில் மருதத்தின் தாமரையும் அங்கு வாழ்வோரின் ஊடலும் ஒரே அமைப்பின் உறுப்புகள். அழிவும் மலர்ச்சியும் ஒரே நீரில் நிற்கும் இந்தப் படங்களை வன்முறையிலிருந்து தப்பி ஓடியவரின் படங்கள் என்று சொல்வது பொருந்தாது. துன்பத்தைச் சம்பவமாக வரைவதை அவர் விட்டார், நிலையாமையை வரைவதை விடவில்லை.

சமேலி இந்த இடத்துக்கு வேறொரு வழியாக வந்தவர். தந்தை தான் யுன்ஷான் சீனாவின் ஹூனான் மாநிலத்தவர், பௌத்த அறிஞர். 1927இல் சிங்கப்பூரில் தாகூரைச் சந்தித்து, அடுத்த ஆண்டு சாந்திநிகேதன் வந்து, 1937இல் அங்கே சீனாபவனை நிறுவியவர். முதுமையில் புத்தகயையில் ஒரு பௌத்தக் கல்வி நிலையத்தை எழுப்பி 1983இல் அங்கேயே மறைந்தார். 1940இல் பிறந்த மகளுக்குச் சமேலி என்று பூவின் பெயரைச் சூட்டியவர் தாகூர். ஓவியர் நந்தலால் போஸ் 1924இல் தாகூரோடு சீனா சென்று வந்தவர். அவர் வளர்த்த கலாபவனில் கீழை ஆசியத் தூரிகை மரபு வெளியூர்ச் சரக்காகக் கருதப்படவில்லை. சமேலிக்கு அது பள்ளியிலும் இருந்தது, வீட்டிலும் இருந்தது. கலாபவனில் படித்து முடித்த அவருக்கும் ராமச்சந்திரனுக்கும் 1967இல் திருமணம் நடந்தது. மலையாளியும் சீனப் பெற்றோரின் மகளும் வங்காளத்தில் சந்தித்து டெல்லியில் குடித்தனம் தொடங்கினார்கள்.

அதன் பின்வந்த ஆண்டுகளில் கணவரின் பெயர் கண்காட்சி கண்காட்சியாக வளர்ந்தது. சமேலியின் தூரிகை பெரும்பாலும் ஓய்ந்திருந்தது. இரண்டு குழந்தைகள், வீடு, விருந்தினர், கணவரின் வேலைக்கு வேண்டிய அமைதி என அனைத்தையும் ஒருவர் தாங்கினார். இருவரும் சேர்ந்து செய்த வேலையும் உண்டு. குழந்தைகளுக்கான படக்கதைப் புத்தகங்கள் இந்த வீட்டிலிருந்து வந்தன. ஜப்பானிலும் அவை வெளியாயின. 1978இலும் 1980இலும் ராமச்சந்திரனுக்கு ஜப்பானின் நோமா பரிசு கிடைத்தது. ஆனாலும் கணக்கு சமமாக இருந்தது என்று எழுதுவது பொய்யாகும். கலையைத் தவம் என்று போற்றும்போது, ஒருவரின் தவத்துக்கு இன்னொருவர் விறகு சுமப்பது வழக்கமாகக் கண்ணில் படுவதில்லை. இல்லறத்தைத் தர்மமாகக் கொண்டாடும் மரபும் அந்தச் சுமையைப் பெண்ணின் இயல்பாகச் சொல்லித் தப்பித்திருக்கிறது.

நீண்ட இடைவெளிக்குப் பின் சமேலி மறுபடி வரையத் தொடங்கினார். காகிதத்தில் சீன மையும் நீர்வண்ணமும் கொண்டு பெரும்பாலும் பூக்களை வரைந்தார். இந்த ஊடகத்தில் திருத்தத்துக்கு இடமில்லை. எண்ணெய் வண்ணத்தில் தவறினால் மேலே பூசலாம். ஈரக் காகிதத்தில் விழுந்த கோடு விழுந்ததுதான். சீன ஓவியத்தின் பழைய இலக்கணத்தை வகுத்த ஷியே ஹெ, 6ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலத்தில் சொன்ன ஆறு நெறிகளில் முதலாவது, படத்தில் உயிர்மூச்சு அசைய வேண்டும் என்பது. உருவ ஒற்றுமை அதற்குப் பின்னால்தான் வருகிறது. சமேலியின் பூக்களுக்குப் பின்புலம் இல்லை, கதை இல்லை, மனிதர் இல்லை. வெற்றுக் காகிதத்தில் ஓர் இதழ் விரிகிறது அல்லது வாடிச் சுருள்கிறது. கணவரின் குளம் நெருக்கமான திரள் என்றால் இவை தனிமையின் படங்கள். அழகை வரைவதற்கு அவர் 1984ஐக் காரணம் காட்ட வேண்டியிருக்கவில்லை. பூவை ஊன்றிப் பார்ப்பது அவர் வளர்ந்த மரபில் தியானத்துக்கு நெருங்கிய செயல். துன்பத்தை மறக்கவோ எதிர்க்கவோ அது செய்யப்படுவதில்லை. அழகுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்ற நிலையை, இந்த இருவரில் அதிகம் பேசப்படாத சமேலியே உறுதியாகப் பிடித்திருந்தார் என்று தோன்றுகிறது.

இதே நகரத்தின் இன்னொரு வீட்டில் விடை நேர்மாறாக இருந்தது. விவான் சுந்தரம் 1943இல் சிம்லாவில் பிறந்தார். தந்தை கே.வி.கே. சுந்தரம் தமிழர், ஐ.சி.எஸ். அதிகாரி, இந்தியாவின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையர். தாய் இந்திரா, ஓவியர் அம்ரிதா ஷெர்கில்லின் தங்கை. பரோடாவிலும் லண்டன் ஸ்லேட் கல்லூரியிலும் பயின்ற விவானின் துணைவி கீதா கபூர், இந்தியக் கலை விமர்சனத்தில் முதல் வரிசைப் பெயர். ஒருவர் செய்ய, மற்றவர் அதன் கோட்பாட்டைக் கேள்விக்குட்படுத்தும் உறவு அது. 1981இல் ஆறு ஓவியர்கள் பங்கேற்ற 'மக்களுக்கான இடம்' கண்காட்சியில் விவான் ஒருவர். அதற்கான கட்டுரையை எழுதியவர் கீதா. மனித உருவத்தையும் மனிதக் கதையையும் ஓவியத்துக்குள் திரும்பக் கொண்டுவருவது அவர்கள் நோக்கம்.

இந்தத் தம்பதியரின் வாழ்க்கையில் கூடுகைகளுக்குத் தனி இடம் உண்டு. இமாசல மலையூரான கசௌலியில் விவானின் குடும்ப வீட்டில் 1976இல் தொடங்கிய கலை மையத்தில் ஓவியர்கள் தங்கி வேலை செய்தார்கள். நாடகக்காரர்களும் திரைத்துறையினரும் வரலாற்றாசிரியர்களும் வந்து விவாதித்தார்கள். பூபேன் காக்கர், குலாம் முகமது ஷேக், நளினி மலானி போன்றோர் அந்த வட்டத்தினர். இத்தகைய கூட்டங்களைக் கேளிக்கை என்று ஒதுக்குவது எளிது. அபிநவகுப்தர் சொல்லும் பொதுமையாக்கத்துக்குச் சகிருதயர் வேண்டும், ஒத்த உள்ளம் கொண்ட பார்வையாளர் வேண்டும். அவர்கள் தானாக முளைப்பதில்லை. ஒன்றாக உண்டு, சண்டையிட்டு, ஒருவர் வேலையை ஒருவர் கிழித்துப் பேசித்தான் அந்த உள்ளம் உருவாகிறது. சாந்திநிகேதனும் ஒரு வகையில் அதைத்தான் செய்தது.

1992 டிசம்பர் 6 அன்று பாபர் மசூதி இடிக்கப்பட்ட பின் பம்பாயில் கலவரம் மூண்டது. கலவரத்தில் இறந்து தெருவில் கிடந்த ஒருவரின் புகைப்படம் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் வந்தது. எடுத்தவர் ஹோஷி ஜால். இறந்தவர் யாரென்று படத்தில் இல்லை. அந்த ஒரே படத்தை வைத்து விவான் 1993இல் 'நினைவிடம்' என்ற நிறுவல் படைப்பைச் செய்தார். புகைப்படத்தின் பிரதிகளில் ஆணி அடித்தார், மூடினார், கண்ணாடிக்குள் வைத்தார். தகரப் பெட்டிகளை அடுக்கி ஒரு வாயில் எழுப்பினார். பார்வையாளர் கல்லறைத் தோட்டத்துக்குள் நடப்பதுபோல் அதற்குள் நடக்க வேண்டும்.

ராமச்சந்திரனின் தயக்கத்துக்கு இங்கே ஓர் எதிர்வாதம் இருக்கிறது. விவான் அந்த உடலை மறுபடி வரையவில்லை. நிறமும் வடிவமும் தேடி அதன் மேல் கண்ணை ஓட்டவில்லை. அடையாளமற்றுத் தெருவில் கிடந்தவருக்கு செய்ய ஆளில்லாத இறுதிச் சடங்கை அவர் செய்தார். சித்திரிப்பாக இருந்தது சடங்காக மாறியது, பார்த்தவர் துக்கம் காப்பவராக மாறினார். தமிழ் மரபில் இதற்கு மிக நெருங்கியது நடுகல். தொல்காப்பியம் புறத்திணையில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று கல் நடுவதன் ஆறு நிலைகளைச் சொல்கிறது. வீழ்ந்தவரின் சாவைச் சித்திரிப்பதற்கு மேலாக, கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, இறந்தவருக்கு ஊரில் ஓர் இடம் தருவதே அதன் வேலை. ஆனால் நடுகல் வீரனுக்கு, பெயர் தெரிந்தவனுக்கு நடப்பட்டது. 1993இன் டெல்லியில் அது பெயர் தெரியாத, போரிடாத, கொல்லப்பட்ட ஒருவருக்கு நடப்பட்டது. அழகியலில் துன்பத்துக்கு உரிமை கேட்பவர்கள் காட்டக்கூடிய வலுவான சான்றுகளில் இது ஒன்று.

இரு வீடுகளுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கிறது. ஓவியர்கள் பரம்ஜித் சிங்கும் அர்பிதா சிங்கும் 1962இல் மணந்தவர்கள். பரம்ஜித் ஜாமியாவில் ராமச்சந்திரனோடு பணியாற்றியவர். அவர் படங்களில் புல்வெளி, நீர், மரம், ஒளி மட்டும், ஆள் நடமாட்டமே இல்லை. அர்பிதாவின் படங்களில் துப்பாக்கி, கார், சீருடை ஆண்கள், முதிய தாய்மார்கள், எண்கள், எழுத்துகள், பூக்கள் எல்லாம் ஒரே பரப்பில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அழகா சாட்சியா என்ற வழக்கில் ஒரே கூரையின் கீழ் இரண்டு தீர்ப்புகள் இருக்க முடியும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை. அர்பிதா தன் வேலையை நிறுத்தவில்லை என்பதும் இங்கே சொல்லப்பட வேண்டியது.

ஓவியத்தை விட்டு நாடகத்துக்குப் போனால் கேள்வியின் வடிவமே மாறிவிடுகிறது. ஜன நாட்டிய மஞ்ச் குழுவின் சஃப்தர் ஹாஷ்மி, டெல்லியை ஒட்டிய சாகிபாபாத்தின் ஜண்டாபூரில் 1989 ஜனவரி 1 அன்று 'ஹல்லா போல்' வீதி நாடகம் நடந்துகொண்டிருந்தபோது தாக்கப்பட்டு, மறுநாள் இறந்தார். ராம் பகதூர் என்ற தொழிலாளியும் அந்தத் தாக்குதலில் கொல்லப்பட்டார். ஜனவரி 4 அன்று சஃப்தரின் மனைவியும் நடிகருமான மொலாயஸ்ரீ, குழுவோடு அதே இடத்துக்குத் திரும்பிப் போய், பாதியில் நின்ற நாடகத்தை நடித்து முடித்தார். மேடையில் இருந்த நடிகரே வெளியில் துக்கத்துக்கு உரியவர். நடிகரின் சொந்தச் சோகம் ரசத்துக்கு இடையூறு என்பது பழைய கோட்பாடு. அன்று ஜண்டாபூரில் கூடியிருந்தவர்களுக்கு மொலாயஸ்ரீயின் துக்கமும் நாடகமும் வேறு வேறாக இருந்திருக்க முடியாது. துன்பத்தை வரைவதா விடுவதா என்ற கேள்வி பார்த்தவர்களுக்கு உரியது. பட்டவருக்கு முன்னால் இருந்தது தொடர்வதா நிறுத்துவதா என்ற கேள்வி. அந்தக் கொலைக்குப் பிறகு உருவான சஹ்மத் அமைப்பின் நிறுவனர்களில் விவானும் ஒருவர். ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று டெல்லியின் கலைஞர்களை அது ஒன்றுகூட்டி வருகிறது.

ராமச்சந்திரன் 1992இல் ஜாமியாவிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றார். 2003இல் டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவரது வாழ்நாள் படைப்புகளின் பெருங்கண்காட்சி நடந்தது. 2005இல் பத்மபூஷண் வந்தது. இந்த மைல்கற்களுக்கு நடுவே தமிழ்நாட்டில் அவர் செய்த வேலை, அவரது விடையை மறுபரிசீலனை செய்ய வைக்கிறது. 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூரில் எழுந்த நினைவகத்தை 2003 அக்டோபரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்தார். அங்குள்ள பெரிய கருங்கல் புடைப்புச் சிற்பம் ராமச்சந்திரன் வடிவமைத்தது. குண்டு வெடித்த அதே மண்ணில், பலர் உடல் சிதறி இறந்த இடத்தில், வன்முறையை இனி வரைவதில்லை என்று ஒதுங்கிய ஓவியருக்குக் கல்லில் வேலை வந்தது. 1960களின் முறுக்கேறிய உடல்களுக்கு அவர் திரும்பவில்லை. சாவைக் காட்டாமல் இறந்த இடத்துக்கு ஒரு கல் நட ஒப்புக்கொண்டார். விவான் 'நினைவிடம்' வழியாகச் சென்ற இடத்துக்கு அவர் வேறு பாதையில் அருகே வந்திருந்தார். விலகிச் சென்ற இரு விடைகளும் நடுகல் என்ற பழைய நிறுவனத்தில் ஒன்றையொன்று கிட்டத்தட்டத் தொட்டுக்கொள்கின்றன. வேறுபாடு இவ்வளவுதான்: ஒன்று நாடறிந்த தலைவருக்கு, அரசின் ஏற்பாட்டில் எழுந்தது. மற்றொன்று யாரும் உரிமை கோராத உடலுக்கு, ஒரு கலைஞரின் சொந்த முடிவில் எழுந்தது. அற நோக்கில் இரண்டாவதே கடினமானது.

விவான் 2016இல் கீதாவோடு சேர்ந்து ஷெர்கில் சுந்தரம் கலை அறக்கட்டளையை அமைத்தார். 2023 மார்ச் 29 அன்று டெல்லியில் மறைந்தார். ராமச்சந்திரன் 2024 பிப்ரவரி 10 அன்று காலமானார். கணவரின் தாமரைக் குளங்களும் சமேலியின் பூக்களும் பெரும்பாலும் தனித்தனி அறைகளில், தனித்தனி அளவுகளில்தான் பார்க்கப்பட்டு வந்திருக்கின்றன. ஒன்றை இன்னொன்றின் அருகில் மாட்டி, ஒரு வீட்டில் பிறந்த இரண்டு வாதங்களாக அவற்றைப் படிக்கும் ஆய்வு இனிமேல்தான் முழுமையாக எழுதப்பட வேண்டும்.